ஏழு மணிச் செய்தி வாசிக்கிற அக்கா

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது நாளே புரொம்ப்டர் நின்றுபோனது. செய்தி வாசிப்பவரின் கண்ணுக்கு நேரே, கமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கும். வாசிக்கவேண்டிய எழுத்துகள் அதில் கீழிருந்து மேலே நகர்ந்து போகும். அவற்றை நகர்த்துகிற சிறிய சக்கரம் கட்டுப்பாட்டறையில் என் கையில் இருந்தது. ஏழு மணிச் செய்தியில் மூன்றாவது செய்தி போய்க்கொண்டிருந்தபோது கண்ணாடி வெறுமையானது. நான் சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

வாசித்துக்கொண்டிருந்த அக்கா கண் இமைக்கவில்லை. தொடங்கிய வசனத்தை முடித்தார், மேசையில் இருந்த தாளை ஒருமுறை பார்த்தார், நிமிர்ந்து அடுத்த வசனத்தைச் சொன்னார். வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எதுவும் தெரிந்திராது. செய்தி முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் மைக்கைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"அது மெஷின், பிள்ளை. நிக்கும். அதுக்குத்தான் பேப்பர் வச்சிருக்கிறனான்."

அந்தத் தாளைக் காட்டினார். ஒவ்வொரு வசனத்திலும் எங்கே மூச்செடுப்பது என்று பென்சிலால் சாய்கோடு போட்டிருந்தார். ஊர்ப்பெயர்களுக்குக் கீழே கோடு. ஒரு பெயருக்குப் பக்கத்தில், "கேட்டாச்சு" என்று எழுதியிருந்தார். கண்ணாடியில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது இவ்வளவு வேலை எதற்கு என்று அன்று நினைத்தேன். நான் கொழும்பு கொட்டாஞ்சேனைப் பிள்ளை. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு டீவி போட்டால் அக்காவின் முகம்தான் வரும். அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு பென்சில் இருக்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி.

அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர். இருபத்திரண்டு வயதில் கொழும்புக்கு வந்து, வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கத் தொடங்கியவர். இன்னார் காலமானார், அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று நாளுக்கு நாற்பது ஐம்பது வாசிப்பாராம். ஒரு ஊரின் பெயரையோ ஒரு மருமகனின் பெயரையோ பிழையாகச் சொல்லிவிட்டால் அந்த வீட்டார் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள் என்பார். தெரியாத பெயர் வந்தால் அறிவித்தல் கொடுத்தவர்களுக்கே தொலைபேசி எடுத்துக் கேட்பாராம். அழுதுகொண்டிருக்கிறவர்களும் அந்த ஒரு கேள்விக்கு அழுகையை நிறுத்தி ஒழுங்காகப் பதில் சொல்வார்கள் என்றார்.

தொலைக்காட்சிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. மலையகத்துத் தோட்டம் ஒன்றின் பெயர் வந்தால் ஹட்டனில் இருக்கிற எங்கள் நிருபரைப் பிடித்துக் கேட்பார். அவர் கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் கன்டீனில் வேலை செய்கிற பெண்ணைக் கேட்பார். "எழுதினவைக்கு அது எழுத்துப் பிழை. வாசிச்ச எனக்கு அது வாய்ப்பிழை. சனம் என்னைத்தான் பேசும்" என்பார்.

அவரை ஒரு தெய்வமாக்கிவிடக் கூடாது. பயங்கரமான கோபக்காரி. பக்கத்தில் யாரும் வடை சாப்பிடக் கூடாது, எண்ணெய் மணம் தொண்டைக்கு ஆகாதாம். மின்விசிறி நேரே அடிக்கக் கூடாது. ஒப்பனை செய்கிறவர் பொட்டைக் கொஞ்சம் விலக்கி வைத்துவிட்டால் அன்று முழுக்க அவருடன் கதைக்கமாட்டார். தன் குரல்மேல் அவருக்கு ஒரு பெருமை இருந்தது, அதை மறைக்கவும் தெரியாது.

செய்தி வாசிக்கிறவர் என்றால் கொழும்பில் எல்லாருக்கும் சொந்தம். வெள்ளவத்தையில் அக்காவின் ஃபிளாட் கடல்பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறது. அங்கிருந்து காலி வீதிக்கு வந்து மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் நாலு பேர் மறிப்பார்கள். பாடசாலைப் பரிசளிப்பு, கோயில் விழா, நூல் வெளியீடு, இரத்ததான முகாம் என்று கிழமைக்கு இரண்டு மூன்று அழைப்பு வரும். முடிந்தவரை எல்லாவற்றுக்கும் போவார். மங்கள விளக்கில் ஒரு திரியை ஏற்றுவார், பொன்னாடையை வாங்கிக்கொள்வார், நாலு நல்ல வார்த்தை சொல்வார்.

"இதையெல்லாம் சமூக சேவை எண்டு சொல்லுகினம். நான் போய் நிண்டு சிரிச்சுப்போட்டு வாறன்" என்று ஒருநாள் சொன்னார். சலிப்பாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

எங்கள் பங்குக் கோயிலின் பாலர் பாடசாலைக் கலைவிழாவுக்கு அவரைப் பிரதம விருந்தினராக அழைக்கச் சொல்லி என்னைத்தான் பிடித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவரைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பிள்ளைகள் ஆடினார்கள், ஒரு பட்டாம்பூச்சி மேடையிலேயே அழுதது, அக்கா அதைத் தூக்கி வைத்துக்கொண்டே பரிசு கொடுத்தார். முடிந்ததும் செல்ஃபி எடுக்க ஆட்கள் வரிசையாக நின்றார்கள்.

அந்த வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா நின்றார். அவர் கையில் போன் இல்லை. நாலாக மடித்த ஒரு கடிதம் இருந்தது. தன் முறை வந்ததும் அதை விரித்து நீட்டினார். அவர் கையெழுத்துக் கேட்கிறார் என்று அக்கா நினைத்து, என் பக்கம் திரும்பி, "பேனை இருக்கோ?" என்றார். நான் கொடுத்தேன். அவர் பேனையைத் திறந்து, தாளில் வெற்றிடம் எங்கே இருக்கிறது என்று தேடினார்.

"ஐயோ, இல்ல மிஸ்" என்றார் அந்த அம்மா. "இத வாசிச்சுச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்தது. எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வருத்தம். பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் எப்பவும் வாசிச்சுத் தரும், அது மாமியார் வீட்டுக்குப் போயிட்டு. நீங்க டீவியில எல்லாத்தையும் வாசிக்கிறீங்கதானே."

கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கொழும்பில் இருபத்தைந்து வருடம் இருந்தவர். கடையில் விலை கேட்க, முச்சக்கரவண்டிக்கு வழி சொல்லப் போதுமான சிங்களம் வாயில் இருந்தது. எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. அது எனக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. கடிதத்தை என்னிடம் தந்தார்.

நான் வாசித்தேன். அந்த ஐயாவை இருதய ஸ்கானுக்கு வரச்சொல்லித் திகதி கொடுத்திருந்தார்கள். அந்தத் திகதி முந்தின வெள்ளிக்கிழமை. அன்று ஞாயிற்றுக்கிழமை.

அந்த அம்மாவிடம் அதைச் சொன்னபோது அவர் அழவில்லை. "அப்ப திகதி போயிட்டா?" என்று மட்டும் கேட்டார். பின்னால் நின்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்தபடியே காத்திருந்தார்கள். அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குக் காலமை ஐயாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வாங்கோ. நாங்கள் வாறம்" என்றார். நாங்கள் என்றதில் நானும் அடக்கம் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

மறுநாள் காலை ஆறரைக்கே வரிசையில் நின்றோம். எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. இவ்வளவு பிரபலமானவர் கூட நிற்கிறார், காரியம் சுலபமாக முடியும் என்று. ஆனால் திகதி கொடுக்கிற கருமபீடத்தில் இருந்த எழுதுவினைஞர் சிங்களவர். அக்காவை அவருக்கு யாரென்று தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கதைத்ததெல்லாம் நான்தான். கொட்டாஞ்சேனையில் பிறந்தவர்களுக்குச் சிங்களம் தெருவிலேயே ஒட்டிக்கொள்ளும். நான் பாடசாலையிலும் எழுதப் படித்திருந்தேன். அடுத்த திகதி நாலு மாதத்துக்குப் பிறகுதான் என்று அவர் சொன்னார். நான் மன்றாடினேன். அக்கா பக்கத்தில் நின்று என் வாயையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் கேட்கிற குரல் உள்ளவர் மூன்று மணித்தியாலம் ஒரு சொல் பேசாமல் நின்றார்.

கடைசியில் அந்த எழுதுவினைஞர் எட்டி, வாங்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஐயாவைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய் ஒரு வைத்தியருடன் கதைத்துவிட்டு வந்தார். மூன்று கிழமையில் ஒரு திகதி எழுதித் தந்தார். "நங்கி, இந்த முறை தவறவிட வேண்டாம்" என்று தங்கையிடம் சொல்வதுபோல் எனக்குச் சிங்களத்தில் சொன்னார். அந்த ஐயாவுக்கு ஸ்கான் எடுத்து, பிறகு சத்திரசிகிச்சையும் செய்தார்கள்; அவர் இப்போதும் நன்றாக இருக்கிறார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் இருந்தார். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, எனக்கு எழுத்துப் பழக்கிவிடும்."

"என்ன எழுத்து அக்கா?"

"சிங்கள எழுத்து. நான் பேனையைத் திறந்து கையெழுத்துப் போடப் போனன். அந்த மனிசி என்னை நம்பி வந்து நிண்டது, நான் கையெழுத்துப் போடப் போனன்."

"அக்கா, அது உங்கட பிழையில்லையே."

"பிழை எண்டு நான் சொல்லேல்லை. பழக்கிவிடும் எண்டுதான் சொல்லுறன்."

அடுத்த நாளே முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதுகிற இரட்டைக்கோட்டுக் கொப்பி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பின்னேரம் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை, ஒப்பனைக்குப் போவதற்கு முன், கன்டீனின் மூலை மேசையில் எங்கள் வகுப்பு நடக்கும். அயன்ன, ஆயன்ன என்று அவர் சத்தமாகச் சொல்லிச் சொல்லி எழுதுவார். சிங்களப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு தேநீருடன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து திருத்தத் தொடங்கினார்கள். அவருக்கு அவமானம் என்பதே இருக்கவில்லை. பிழைவிட்டால் அடித்துவிட்டுப் பத்துத் தரம் எழுதுவார். என்னை விட இருபது வயது மூத்தவர், எங்கள் நிலையத்திலேயே பெரிய பெயர், கொப்பியை என்னிடம் நீட்டி, "சரியோ எண்டு பாரும்" என்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். அவருக்கு இருக்காது.

வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வரும்போது காலி வீதிக் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசிப்பாராம். ஒருநாள் வாய்விட்டு வாசித்துவிட்டார். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருவர், அது அப்படியில்லை மகள் என்று திருத்தி, பம்பலப்பிட்டி வரை எல்லாப் பலகையையும் வாசிக்க வைத்துவிட்டுத்தான் இறங்கினாராம். அதை எனக்குச் சொன்னபோது ஒரு சின்னப் பிள்ளையின் மகிழ்ச்சி அவர் முகத்தில் இருந்தது.

ஒருநாள் பயன்னவை, அதாவது சிங்களப் 'ப'வை, 'பெ' ஆக்குவது எப்படி என்று காட்டினேன். எழுத்துக்கு இடப்பக்கம் ஒரு சுழியைப் போடவேண்டும். சிங்களத்தில் அதற்குக் கொம்புவ என்று பெயர். அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"இது எங்கட கொம்பெல்லோ. போடுற இடமும் ஒண்டு, பேரும் ஒண்டு. இருபத்தைஞ்சு வருசம் பாத்துக்கொண்டு தெரியாமல் திரிஞ்சிருக்கிறன்."

எட்டு மாதத்தில் ஒரு கடிதத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிற அளவுக்கு வந்தார். வந்ததும், எங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டு, கோயில் மண்டபத்தின் பின்னறையில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு மேசை போட்டார். சிங்களத்தில் கடிதம் வந்தவர்கள் கொண்டுவரலாம், வாசித்துச் சொல்வோம், பதில் எழுதவேண்டுமென்றால் எழுதித் தருவோம். அவ்வளவுதான். முதல் கிழமை மூன்று பேர் வந்தார்கள். இரண்டு மாதத்தில் அறைக்கு வெளியே வாங்கு போடவேண்டி வந்தது. களனி ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்திலிருந்து மீன்பிடிக் குடும்பங்கள், துறைமுகத் தொழிலாளர்கள், மாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டவர்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழைத்தவர்கள், பிள்ளைக்குப் பாடசாலை அனுமதி கேட்டவர்கள், கிளினிக் அட்டையுடன் வந்தவர்கள். நீதிமன்றக் கடிதங்கள் வந்தபோது எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்கிற எழுதுவினைஞர் ஒருவரை அக்கா எப்படியோ கண்டுபிடித்து, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வரவைத்தார்.

இது எங்கள் நிலையத்துக்குத் தெரிந்ததும், ஒரு நிகழ்ச்சியாகச் செய்யலாம் என்று விளம்பரப் பிரிவிலிருந்து வந்து கேட்டார்கள். பின்னால் ஒரு பதாகை, முன்னால் அக்கா.

"அதுகள் தங்கட வருத்தத்தையும் வழக்கையும் கொண்டுவந்து என்ர மேசையில வைக்குதுகள். அதில கமரா வைக்க ஏலாது" என்றார் அக்கா. அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை.

சிங்களம் படித்ததால் இன்னொரு பழக்கமும் வந்தது. அரசாங்க அறிவித்தல்கள் எங்களுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் தனித்தனித் தாளாக வரும். தமிழ்ச் செய்திக்குத் தமிழ்த் தாள் போதும் என்பது எல்லாருடைய எண்ணம். அக்கா மட்டும் சிங்களத் தாளையும் கேட்பார். வாசித்துப் பழகத்தான் கேட்கிறார் என்று நினைத்து நான் அச்செடுத்துக் கொடுப்பேன்.

அந்த மழைக்காலத்தில் நாலு நாளாக விடாமல் மழை. மேலே மலைநாட்டில் பெய்த தண்ணீரெல்லாம் களனி ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. அன்று பின்னேரம் ஆறு ஐம்பதுக்கு, ஆற்றங்கரையில் தாழ்ந்த இடங்களில் இருப்பவர்கள் வெளியேறவேண்டும் என்ற அறிவித்தல் மின்னஞ்சலில் வந்தது. ஏழு மணிச் செய்தியில் போகவேண்டும். அவசரம். தமிழ்த் தாளைத் திறந்து, அப்படியே எடுத்துப் புரொம்ப்டரில் போட்டேன். சரிபார்க்கவில்லை. சிங்களத் தாளை அச்செடுத்து, கலையகத்துக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அக்காவின் மேசையில் வைக்கச் சொன்னேன்.

முதல் செய்தி வெள்ளம். காட்சிகள் ஓடிக்கொண்டிருந்த ஒன்றரை நிமிடத்தில் அக்கா குனிந்து அந்தச் சிங்களத் தாளைப் பார்ப்பது கட்டுப்பாட்டறைத் திரையில் தெரிந்தது. பிறகு கமரா அவர்மேல் வந்தது. அறிவித்தலை வாசிக்கத் தொடங்கினார். கண்ணாடியில் "நாளை பிற்பகல் ஆறு மணிக்கு முன்னர் வெளியேறுமாறு" என்று போய்க்கொண்டிருந்தது. "நாளை" என்று சொன்னவர் நிறுத்தினார்.

சக்கரம் என் கையில் நின்றது. ஏழெட்டு வருடத்தில் அவர் ஒரு வசனத்தின் நடுவில் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"நேயர்களே" என்றார். "எங்களுக்குக் கிடைத்த தமிழ் அறிவித்தலில் நாளை பிற்பகல் ஆறு மணி என்று இருக்கிறது. சிங்கள அறிவித்தலில் காலை ஆறு மணி என்று இருக்கிறது. நீங்கள் காலை ஆறு மணி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு முன்னர் வெளியேறிவிடுங்கள்."

தயாரிப்பாளர் என் பக்கத்தில் இருந்தார். அக்காவின் காதுக் கருவியில் கேட்கும்படி மைக்கை அழுத்திச் சொன்னார்: "ஸ்கிரிப்ட்ல உள்ளத மட்டும் வாசிங்க. உறுதிப்படுத்தாம எதுவும் சொல்ல வேணாம்."

அக்காவுக்கு அது கேட்டிருக்கும். அவர் கமராவை இன்னும் நேராகப் பார்த்தார். ஆற்றங்கரை இடங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னார். திரும்பவும் காலை ஆறு மணி என்றார். பிறகு செய்தித் தமிழ் அவரைவிட்டுப் போய்விட்டது.

"விடியும் மட்டும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. இப்பவே வெளிக்கிடுங்கோ. வயது போனவையை முதல்ல கூட்டிக்கொண்டு போங்கோ."

அதற்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனார்.

செய்தி முடிந்ததும் நான் அறையைவிட்டு வெளியே ஓடி, சிங்களத் தாளைத் திறந்து பார்த்தேன். சிங்களத்தில் முற்பகலையும் பிற்பகலையும் சுருக்கி எழுதும்போது இரண்டுக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம் அந்தக் கொம்பு ஒன்றுதான். கொம்பு இருந்தால் காலை, இல்லாவிட்டால் மாலை. கொம்பு இருந்தது. மொழிபெயர்த்தவர் அதைத் தவறவிட்டிருந்தார். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த எழுத்தை அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்.

முகத்துவாரத்தில் இருக்கிற சின்னம்மாவுக்குப் போன் எடுத்தேன். "நாங்க வெளிக்கிட்டுட்டம் மகள்" என்றார். பின்னால் சத்தமாக இருந்தது. "இந்த லேனே வெளிக்கிடுது. அந்த மிஸ் அப்படிச் சொல்லுதுன்னா விசயம் இருக்கும்னு எல்லாம் சாமான் கட்டுறாங்க." சனிக்கிழமைகளில் வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் பக்கத்து வீட்டுக் கதவுகளைத் தட்டியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்கள் எல்லாரும் ஒரு பாடசாலை மண்டபத்துக்குப் போனார்கள்.

காலை எட்டு மணிக்குத் தண்ணீர் வந்தது. சின்னம்மாவின் வீட்டில் நெஞ்சளவு. திருத்திய தமிழ் அறிவித்தல் பத்து மணிக்கு வந்தது.

அன்று பகல் அக்காவைக் கன்டீனில் பார்த்தேன். கண் சிவந்திருந்தது, நித்திரை இல்லை.

"உங்களுக்கு அவ்வளவு நிச்சயமா இருந்ததா அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார். "ஒரு வருசப் படிப்பு. அது கொம்போ, பேப்பரில இருந்த அழுக்கோ எண்டு யோசிச்சன். பிறகு நினைச்சன், நான் சொல்லுறது பிழையெண்டால் சனம் பன்னிரண்டு மணித்தியாலம் முந்திப் போயிருக்கும். பேப்பரில இருக்கிறது பிழையெண்டால்? அதோட சொல்லிப்போட்டன்."

ஆனாலும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அரச அறிவித்தல் ஒன்றை உறுதிப்படுத்தாமல், தயாரிப்பாளரின் சொல்லையும் மீறி, நேரலையில் மாற்றி வாசித்தது முறையா என்று கேட்டிருந்தார்கள். நிர்வாகத்தின் பக்கம் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு வாசிப்பாளரும் தனக்குச் சரியென்று பட்டதைச் சொல்லத் தொடங்கினால் செய்தி செய்தியாக இராது. தயாரிப்பாளரும் கெட்ட மனிதர் அல்ல. பிறகு என்னிடம், "நான் அந்த இடத்தில இருந்திருந்தா வாசிச்சிட்டுப் போயிருப்பேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

விசாரணை நாளில் நான் கேட்காமலேயே அந்த அறைக்குள் போனேன். தமிழ்த் தாளைச் சரிபார்க்காமல் போட்டது நான்தான் என்று சொன்னேன். அக்கா தன் விளக்கக் கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை. வெளியே வந்ததும் என்மேல் பாய்ந்தார்.

"உம்மை ஆர் உள்ளுக்க வரச்சொன்னது?"

"என்மேலயும் பிழை இருக்குத்தானே அக்கா."

"இருக்கு. அதை எனக்குச் சொன்னாப் போதும். வேலை போனா என்ன செய்வீர்?"

"உங்களுக்குப் போனா?"

அக்கா கைப்பையைத் திறந்து ஒரு இருமல் மிட்டாயை எடுத்து எனக்கும் ஒன்று தந்தார். அதைவிடப் பெரிய சமாதானம் அவரிடமிருந்து எதிர்பார்க்க முடியாது.

எங்கள் இருவருக்கும் வேலை போகவில்லை. அக்காவை ஏழு மணிச் செய்தியிலிருந்து எடுத்து மத்தியானச் செய்திக்குப் போட்டார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, சுழற்சி என்றார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு யார் செய்தி பார்க்கிறார்கள். அவருக்கு வலித்தது. குரல்மேல் பெருமை உள்ளவர் என்று முன்பே சொன்னேன். ஆனால் அந்த மத்தியானச் செய்திக்கும் முன்போலவே தாளை எடுத்து மூச்சுக்குக் கோடு போட்டார். தோட்டத்துப் பெயரைக் கன்டீன் பெண்ணிடம் கேட்டார். நான் பக்கத்தில் இருந்து பார்த்ததில் அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிந்தது.

இரண்டாவது கிழமையிலிருந்து வரவேற்பறைக்குத் தொலைபேசிகள் வரத் தொடங்கின. வரவேற்பாளர் சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம்தான் தெரியும். ஏழேகால் ஆனால் போதும், கொட்டாஞ்சேனையிலிருந்தும் முகத்துவாரத்திலிருந்தும் பெண்கள் எடுத்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள். அவர் என்னிடம் வந்து, "அந்த ஏழு மணி மிஸ் எங்க என்றால் என்ன பதில் சொல்வது?" என்று கேட்டார். நான் ஒரு பதிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் புத்தகத்தில் எழுதி மேலே அனுப்புங்கள் என்றேன். அவர் நேர்மையாக எழுதினார். மூன்று மாதத்தில் அந்தப் புத்தகம் இரண்டு தடவை நிர்வாகத்தின் மேசைக்குப் போய் வந்தது. நாலாவது மாதம் அக்கா ஏழு மணிக்குத் திரும்பினார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. முதல்நாள் வணக்கம் சொல்லி, நேரே தலைப்புச் செய்திக்குப் போனார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு நல்ல விதி வந்தது. எந்த அறிவித்தலும் இரண்டு மொழியிலும் ஒப்பிட்டுப் பார்த்து, பார்த்தவர் கையெழுத்திட்ட பிறகுதான் வாசிக்கப் போகவேண்டும். அந்த வேலையை என்னிடம் தந்தார்கள். இப்போது புரொம்ப்டர் சக்கரத்தை வேறொருவர் உருட்டுகிறார். நான் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்க்கிறேன். வருடத்தில் நாலைந்து பிழையாவது அகப்படும். சொல்லியனுப்பினால் அறிவித்தல் அனுப்பிய அரசுத் திணைக்களத்தில் இப்போதெல்லாம் நன்றி சொல்லித் திருத்துகிறார்கள்.

சனிக்கிழமை மேசையும் நடக்கிறது. அக்காவுக்கு வாசிப்பு என்னைவிட வேகமாக வந்துவிட்டது. சட்டக் கடிதம்கூட ஓரளவு புரிகிறது. பேச்சு மட்டும் வழிக்கு வரவில்லை. எழுத்திலிருந்து படித்தவர் என்பதால், தெருவில் யாரும் பேசாத சுத்தமான எழுத்துச் சிங்களத்தில், நிறுத்தி நிறுத்தி, செய்தி வாசிப்பது போலவே கதைக்கிறார். போன கிழமை கோயிலடியில் என்னையும் கூட்டிக்கொண்டு முச்சக்கரவண்டி ஏறி, வெள்ளவத்தைக்குப் போகவேண்டும், மழை வரும்போல் இருக்கிறது, பக்கத்துத் திரையை இறக்கிவிடுங்கள் என்று சொன்னார். ஓட்டுநர் வானொலியைத் தானே நிறுத்திவிட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, முடியும்வரை கேட்டார். கேட்டு முடித்ததும், "மேடம் நீதிமன்றத்தில் வேலையா?" என்று மெதுவாக விசாரித்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையை இறக்கினேன். அக்கா அவரைத் திருத்தவில்லை.